பந்திக்கு முந்து, மேடைக்குப் பிந்து

வா தாயி, இப்பிடி உக்காரு. கான்பரன்ஸுக்குப் போறியாமில்ல? உங்கம்மா காலையிலருந்து மூணு தெருவுக்குச் சொல்லிட்டு வந்துட்டா. நீ என்னடான்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையிறே. பெரிய பெரிய ஆளுகல்லாம் வருவாக, கேள்வி கேப்பாகன்னு பயமாம். கேக்கத்தானே செய்வாக? பஸ் ஏறி, பீஸ் கட்டி, பை வாங்கிக்கிட்டு வந்தவுக சும்மா உக்காந்துட்டுப் போனா சோறு செரிக்க வேண்டாமா?

எட்டாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கெழவனுக்குக் கான்பரன்ஸைப் பத்தி என்ன தெரியும்னு நீ மனசுக்குள்ள நெனைக்கிறது எனக்குக் கேக்குது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சமைச்சதைவிட கருத்தரங்குக்குச் சமைச்சதுதான் எனக்கு அதிகம். மதுரைக்குத் தெக்க எந்தக் காலேஜ்ல செமினார்னாலும் நம்ம அண்டாவும் குண்டாவும் போயிருக்கும். முன்னாடி உக்காந்து பாக்குறவுகளுக்கு மேடை மட்டுந்தான் தெரியும். பின்னாடி கொட்டகையில அடுப்புக்கிட்ட நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். யாரு எதுக்கு வந்திருக்காக, யாரு யாரோட தட்டு வச்சிக்கிட்டு நிக்கிறாக, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை, அம்புட்டும்.

மொதல்ல தொடக்க விழா. ஒம்பதரைன்னு அழைப்பிதழ்ல போட்டிருப்பாக. நீ ஒம்பதரைக்குப் போய் நின்னுறாதே, நாற்காலி தொடைக்கிற பையன் உன்னைய வேலைக்காரின்னு நெனைச்சுத் துணியக் கையில குடுத்துருவான். சிறப்பு விருந்தினர் பத்தே முக்காலுக்கு வருவாரு. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு. ஒரு திரியப் பத்த வைக்க ஆறு பேரு, ஆறு பேருக்கும் போட்டோ. பெறகு பொன்னாடை. நான் வருசக்கணக்கா கடிகாரத்தைப் பாத்து வடை போட்டதே இல்லை தாயி. பொன்னாடை முடிஞ்சு ‘மலர் வெளியீடு’ன்னு மைக்குல சத்தம் வந்தா அடுப்பப் பத்த வைப்பேன். ‘நன்றியுரை’ன்னு கேட்டுச்சா, மொத வடை எண்ணெயில விழும். நன்றியுரைக்காரர் கேன்டீன் காண்ட்ராக்டர் வரைக்கும் எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு வரும்போது சரியாச் செவந்திருக்கும். ஒருதடவைகூட அந்தக் கணக்கு எனக்குத் தப்புனதில்லை.

இம்புட்டுக் கூட்டம் முன்னாடியெல்லாம் கிடையாது. வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ நடக்கும், வாரவுக ஜோல்னாப் பையோட வருவாக, ராத்திரி பூரா திண்ணையில உக்காந்து சண்டை போடுவாக. 2010-ல யூஜிசி ஒரு சட்டம் போட்டுச்சு. வாத்தியார்மாருக்குப் பதவி உயர்வு வேணும்னா பாயிண்டு சேக்கணும், கருத்தரங்குல கட்டுரை வாசிச்சா அதுக்கும் பாயிண்டு. எனக்கு அடிச்சது யோகம். போன வாரம் தேசியக் கருத்தரங்கு, இந்த வாரம் பன்னாட்டுக் கருத்தரங்கு. பன்னாட்டுன்னா வேற ஒண்ணுமில்லை, மலேசியாவுலருந்து ஒருத்தர் வந்திருப்பாரு. நான் பாட்டுக்குக் கேசரியில ரெண்டு முந்திரியக் கூடப் போட்டு, பன்னாட்டுக் கேசரின்னு பில் போட்டேன். 2016-ல இன்னொண்ணு வந்துச்சு, பிஎச்.டி பிள்ளைக புத்தகத்தை ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல கட்டுரை வாசிச்சிருக்கணும்னு. 2022-ல அந்தக் கட்டாயத்தை யூஜிசி எடுத்துப்போட்டுச்சு. யூஜிசி எடுத்துருச்சு, உன் கைடு எடுக்கலை, அதான் நீ போறே. பரவாயில்லை, போ. கட்டாயத்துக்குப் போன பிள்ளைகளும் நல்லதை எடுத்துட்டு வந்ததை நான் பாத்திருக்கேன்.

ஆமா, என்ன ஆராய்ச்சின்னு சொன்னே? தலைப்பைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு வெத்தலையே மென்னுட்டேன். சாராம்சம் இதுதானே: வேலிக்கருவேலங் கட்டையக் கரியாக்கி, பாஸ்பாரிக் அமிலத்துல போட்டுச் சூடு காட்டி, அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஓட்டையா உண்டாக்கி, சாயத்தண்ணியில போட்டா கரி சாயத்தைக் குடிச்சிரும். நம்ம கண்மாயக் குடிச்ச சனியன் இப்ப சாயத்தையும் குடிக்குதாக்கும்! நல்ல சங்கதிதான். உங்க பாட்டன் கரிமூட்டம் போட்டு வயித்தக் கழுவுனாரு, நீ அதே கரியில டாக்டராகப் போறே. அவரு அமிலத்துல போடலை, அதான் அவருக்குப் பட்டம் குடுக்கலை.

நான் ஒண்ணு கேட்டேனே நேத்து, ஞாபகம் இருக்கா? சாயம் குடிச்ச கரியப் பெறகு எங்கிட்டுக் கொட்டுவேன்னு. நீ என்ன சொன்னே? ‘அது எங்க ஸ்கோப்புக்குள்ள வராது தாத்தா’ன்னே. நல்லாருக்கே கதை. தண்ணியில கெடந்த சாயம் கரியில ஏறிக்கிட்டு, கரி குப்பையில ஏறி, மழை பேஞ்சா திரும்பத் தண்ணியில எறங்காதா? சரி விடு, சமையக்காரன் கேட்ட கேள்விதானே. அதே கேள்விய ஐஐடிக்காரர் ஒருத்தர் கண்ணாடியக் கழட்டிக்கிட்டுக் கேட்டாருன்னு வையி, ‘வெரி குட் கொஸ்டின் சார்’னு சொல்லுவியா மாட்டியா? சொல்லுவே. அங்கதான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. இரு, வாரேன்.

பத்து நிமிசப் பேச்சுக்கு நாப்பது ஸ்லைடு வச்சிருக்கியாமே, உந் தம்பி சொன்னான். அதுல மொதப் பத்து ஸ்லைடு, தண்ணின்னா என்ன, பூமியில எம்புட்டுத் தண்ணி இருக்குன்னு. அவுகளுக்குத் தெரியும் தாயி, எல்லாருக்கும் பாட்டில் குடுத்திருப்பாக. தூக்கிப் போடு. நேரா கரிக்கு வா. லாங்மூர் 1918-ல எழுதுன சமன்பாட்டுல உன் புள்ளியெல்லாம் ஒரே கோட்டுல வந்து உக்காந்துச்சுன்னு காட்டப் போறே, அம்புட்டுத்தானே? அத எட்டு நிமிசத்துல சொல்லிட்டு ரெண்டு நிமிசம் தண்ணி குடி. தலைமை தாங்குறவரு மணி அடிப்பாரு. நேரமில்லை நேரமில்லைன்னு உன்னைய விரட்டுறவரு யாருன்னா, தொடக்கத்துல அவரைப் பத்தி அவரே இருவது நிமிசம் பேசுனவரு.

உன் பேச்சு எத்தனை மணிக்கு? ரெண்டுக்கா? அப்ப உன் கைடுக்கும் அங்க அமைப்பாளருக்கும் ஏதோ வாய்க்கா வரப்புத் தகராறு. மத்தியானம் ரெண்டு மணிங்கிறது சாம்பாரும் கூட்டும் பாயாசமும் பேசுற நேரம். மொத வரிசையிலயே கொறட்டைச் சத்தம் வரும். காலையில பெரியவுகளைப் பேச விட்டுட்டு, உன்னையப் போலச் சின்னப் பிள்ளைகளத்தான் அந்த நேரத்துல தள்ளி விடுவாக. அதக் கண்டுக்கிட்டதுக்குப் பெறகு, மாணவர் அமர்வு உள்ள நாள்ல நான் பருப்புக்கு நெய்யக் கொறைச்சுக்கிட்டேன், பாயாசத்துக்குப் பதிலா பானகம் வச்சேன். அமைப்பாளர் சண்டைக்கு வந்தாரு. பச்சரிசி வரத்தில்லைன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ஒரு பொண்ணு பேசி முடிச்சதும் நாலு பேரு கேள்வி கேட்டாக, அதுக்குக் கைகாலெல்லாம் நடுங்கிப் போச்சு. முழிச்சிருந்தா கேள்வி கேப்பாகங்கிறத நானும் யோசிக்கலை.

போஸ்டரும் ஒண்ணு உண்டுன்னியே. பிளெக்ஸ் கடையில நின்னு வாங்கு. அந்தப் பையன் பழக்கதோசத்துல மேல உன் கைடு படத்தையும் கீழ உன் படத்தையும் போட்டு, ‘இவண்’னு முடிச்சுக் குடுத்துருவான். ஏ0 அளவுங்கிறாக, 84 சென்டிமீட்டருக்கு 119. பலகை நின்ன வாக்குலயா படுத்த வாக்குலயான்னு முன்னாடியே கேட்டுக்க. பலகை படுத்துக் கெடக்கும், உன் போஸ்டரு நின்னுக்கிட்டிருக்கும், பாதி ஆராய்ச்சி தரையில பொரளும். முடிஞ்சதும் சுருட்டிக் கொண்டு வந்துரு. விறகு மேல போட எனக்கு ஒரு படுதா வேணும், உன் லாங்மூரு மழை தாங்குவாருல்ல?

போஸ்டருக்குப் பக்கத்துல நிக்கிறப்ப வாரவுக போறவுகளப் பாத்துச் சங்கடப்படாதே. பாதிப் பேரு டீ எங்கன்னு கேப்பாக. ஒருத்தர் மட்டும் வந்து, ஒண்ணும் பேசாம, மூக்கு முட்டுற தூரத்துல நின்னு உன் படத்தையே அஞ்சு நிமிசம் பாப்பாரு. அவரை விட்டுறாதே. மண்டபத்துல உக்காந்து போன்ல வாட்ஸப் பாத்துக்கிட்டிருந்த எரநூறு பேரும் அவருக்கு ஈடாக மாட்டாக.

எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி ஐயா ஒருத்தரு. எந்தக் கருத்தரங்குன்னாலும் வருவாரு. மேடையில கூப்பிட்டா ஏற மாட்டாரு. கொட்டகைக்குப் பின்னாடி வந்து, அண்டாவக் கவுத்திப் போட்டு உக்காந்துக்கிட்டு, சர்க்கரை இல்லாத காப்பிய ரெண்டாந் தடவை வாங்கிக் குடிப்பாரு. அவரு சொன்ன கதை ஒண்ணு இருக்கு, உன் சப்ஜெக்டுதான். 1860 செப்டம்பர்ல, ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹேங்கிற ஊர்ல, ஐரோப்பா பூராவுலருந்தும் கெமிஸ்ட்ரிக்காரக 140 பேரு போல கூடுனாகளாம். சர்வதேச கான்பரன்ஸ்னு உங்காளுக நடத்துன மொத கான்பரன்ஸே அதுதானாம். வழக்கு என்னன்னா, அணுன்னா என்ன, மூலக்கூறுன்னா என்ன, எதை எம்புட்டு எடைன்னு எழுதுறதுன்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு. தண்ணியவே ஒருத்தர் ஒரு மாதிரி எழுதுறாரு, இன்னொருத்தர் வேற மாதிரி எழுதுறாரு. அந்தக் கூட்டத்தைக் கூட்டுனவுகள்ல ஒருத்தரான கெக்குலே மறு வருசம் ஒரு புத்தகம் போட்டாரு, அதுல வினிகர்ல இருக்குற அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 சூத்திரத்தை வரிசையா எழுதிக் காட்டுனாராம். நம்ம பக்கத்துச் சாம்பாருக்கு வீட்டுக்கு ஒரு பக்குவம் இருக்குற மாதிரித்தான். ஆனா சாம்பாரு எப்பிடி வச்சாலும் திங்கலாம், சூத்திரம் அப்பிடி இல்லையே.

மூணு நாளு பேசுனாக. ஒண்ணும் தீரலை. இத்தாலிக்காரரு கன்னிஸாரோன்னு ஒருத்தர் நல்லாத்தான் பேசிப் பாத்தாரு, சபை அசையலை. கலைஞ்சு போற நேரத்துல அவரோட சேக்காளி பவேசிங்கிறவரு, கன்னிஸாரோ ரெண்டு வருசம் முன்னாடி எழுதுன சின்னப் பொஸ்தகத்த எல்லாருக்கும் குடுத்து விட்டாரு. லோத்தர் மேயர்னு ஒருத்தர் அத வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போயி, வழியில படிச்சாரு, திரும்ப வீட்டுல போயும் படிச்சாரு, புரிஞ்சு போச்சு. அதே கூட்டத்துல 26 வயசுல ஒரு ரஷ்யப் பையனும் இருந்தான். மெண்டலீவ். ஒம்பது வருசங் கழிச்சு, 1869-ல, தனிம அட்டவணை போட்டது அந்தப் பையன்தான். மேடையில தீராத வழக்கு, ஊருக்குப் போற வண்டியில தீந்திருக்கு தாயி. அதனாலதான் சொல்றேன், உன் சங்கதிய ரெண்டு பக்கத்துல சுருக்கி அச்சடிச்சுப் பையில பத்துக் காப்பி வச்சுக்க. எவன் பையில எது போயிச் சேருதோ, யாரு கண்டா? பெரும்பாலும் வடையில எண்ணெய் ஒத்தத்தான் எடுப்பாக, அது வேற விசயம். ஒத்தி எடுத்துட்டாவது படிப்பாக.

இப்ப கேள்விக்கு வாரேன், உன் பயத்துக்கு. கைய ஒசத்துறதுல பாதிப் பேருக்கு உன்கிட்டக் கேக்க ஒண்ணுமே இருக்காது. ‘ஒரு சின்னக் கருத்து’ன்னு ஆரம்பிப்பாரு. அவரு எந்தக் காலத்துலயோ இதையே நெல்லு உமியில செஞ்சிருப்பாரு. அதச் சபைக்குச் சொல்லணும், உன் முகத்தைப் பாத்துச் சொல்ற சாக்குல. நீ குறுக்க பேசாதே. ‘தங்கள் கட்டுரையை அவசியம் படிக்கிறேன் ஐயா’ன்னு கும்பிட்டுரு. அவருக்கு வயிறு நெறைஞ்சிரும், நானே பாயாசம் ஊத்துனாலும் அம்புட்டு நெறையாது. இன்னொருத்தர் உன் கைடு மேல உள்ள காட்டத்தை உன் மேல எறக்குவாரு. ஏன் அந்த சாயம், ஏன் இந்த வெப்பநிலைன்னு கொடைவாரு. தெரிஞ்சா சொல்லு. தெரியலைன்னா, ‘தெரியலை ஐயா, செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்’னு சொல்லு. தலைய யாரும் சீவிற மாட்டாக.

உண்மையிலேயே பெரிய ஆளு ஒருத்தர் எந்திரிச்சு, உன் ஆராய்ச்சியே அடியோட தப்புன்னுட்டாருன்னா? அப்பிடி ஒண்ணு நம்ம பிள்ளைக்கே நடந்திருக்கு. சென்னை மாநிலக் கல்லூரியில படிச்ச பையன் சந்திரசேகரு. 1930-ல கப்பல் ஏறி இங்கிலாந்து போறப்பவே, கப்பல்ல உக்காந்து கணக்குப் போட்டான். எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரம் ஒரு அளவுக்கு மேல எடை இருந்தா, வெள்ளைக் குள்ளனா அடங்கி உக்காராது, நசுங்கிக்கிட்டே போகும்னு. அந்த அளவு நம்ம சூரியனைப் போல 1.4 மடங்கு. 1935 ஜனவரி 11, லண்டன்ல வானியல் சங்கக் கூட்டம். பையனுக்கு 24 வயசு. அவனுக்கு அடுத்ததாப் பேசப் போறது எடிங்டன். அந்தக் காலத்துல நட்சத்திரம்னா எடிங்டன்தான், மறுபேச்சு கிடையாது. வாராவாரம் இவன் கணக்கு எங்க வந்து நிக்குதுன்னு பக்கத்துல இருந்து விசாரிச்சவரும் அவருதான். ஆனா தான் என்ன பேசப் போறேன்னு மூச்சு விடலை. கூட்டத்துக்கு முன்னாடி டீ குடிக்கிற எடத்துல, கூட நின்னவரு ஒருத்தர் எடிங்டனைக் கேட்டாரு, என்ன பேசப் போறீகன்னு. அவரு இந்தப் பையன் பக்கம் திரும்பி, உனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேங்கிற மாதிரிச் சொல்லிட்டுப் போயிட்டாராம். கெமிஸ்ட்ரி ஐயா இந்த எடத்துல காப்பித் தம்ளரக் கீழ வச்சிருவாரு.

பையன் பேசுனான். அடுத்து எடிங்டன் எந்திரிச்சு, நட்சத்திரம் இப்பிடிக் கோட்டித்தனமா நடந்துக்க விடாம இயற்கையில ஒரு சட்டம் இருந்தாகணும்னாரு. சபையே சிரிச்சுச்சு. கூட்டம் கலைஞ்சதும் ஒவ்வொருத்தரா வந்து இவன்கிட்டத் துக்கம் விசாரிச்சிட்டுப் போனாக. கணக்குல எங்க தப்புன்னு ஒருத்தரும் சொல்லலை, தப்பு இருந்தாத்தானே சொல்லுறதுக்கு? போர், பவுலின்னு இயற்பியல்ல பெரிய பெரிய தலைக்கட்டெல்லாம் தனியாக் கேட்டா நீ சொல்றதுதான் சரின்னாக. சபையில எந்திரிச்சுச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலை. எடிங்டனோட யாரு மல்லுக்கட்டுறது? கடைசியில யாரு சொன்னது நின்னுச்சு? 1983-ல நோபல் பரிசு குடுத்தாக பையனுக்கு, அப்ப அவருக்கு 73 வயசு நடக்குது. சட்டம் போடச் சொன்னவரு 1944-லயே போய்ச் சேந்துட்டாரு. நட்சத்திரங்க அந்தச் சட்டத்தக் கடைசி வரைக்கும் மதிக்கலை.

ஆனைக்கும் அடி சறுக்கும்னு நீ சொல்லுவே. அது கெடக்கட்டும். நான் பாக்குறது வேற. எடிங்டன் எந்திரிச்சதும் சபை சிரிச்சதுக்கு, அவரு சொன்னது சரிங்கிறதா காரணம்? சொன்னது எடிங்டனுங்கிறதுதான் காரணம். நேத்து நான் கரியப் பத்திக் கேட்டப்ப நீ சிரிச்சியே, அதுவும் அதே சிரிப்புதான், தலைகீழாச் சிரிச்சே, அம்புட்டுத்தான் வித்தியாசம். கேக்குறவரு எந்த நாற்காலியில உக்காந்திருக்காருன்னு நீ பாத்தேன்னா உனக்கு வேர்த்துக் கொட்டும். வாயில இருந்து விழுந்த கேள்விய மட்டும் எடுத்துத் தட்டிப் பாரு. ஓட்டைன்னா தூரப் போடு, எடிங்டன் போட்டதா இருந்தாலுஞ் சரி. கெட்டியா இருந்தா நோட்டுல எழுதிக்க, கரண்டி பிடிச்சவன் கேட்டதா இருந்தாலுஞ் சரி.

இன்னொண்ணுஞ் சொல்றேன், இது எனக்குத் தோணுனதில்லை, கெமிஸ்ட்ரி ஐயா சொன்னது. திருப்பூர்ல பருத்தித் துணிக்குப் போடுறது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயமாம், அது தண்ணியில எதிர் மின்னேத்தம் உள்ளது. நீ சோதனைக்கு எடுத்த மெத்திலீன் புளூ நேர் மின்னேத்தம் உள்ளது. உன் கரி இதைக் குடிச்சதுன்னு வச்சு அதையும் குடிக்கும்னு எப்பிடிச் சொல்லுவே? போதாததுக்குச் சாயப்பட்டறைத் தண்ணியில உப்பு வேற கரைஞ்சு கெடக்கு. கரி சாயத்தை எடுத்தாலும் உப்பை யாரு எடுக்குறது? 2011-ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னுச்சே, நொய்யல் ஆத்துக்கு வந்த கேட்டுல அந்த உப்புக்கும் பெரிய பங்கு இருக்குன்னாரு ஐயா. கடைசி ஸ்லைடுல ‘தொழிற்சாலைக் கழிவுகளுக்கு ஏற்றது’ன்னு எழுதியிருக்கியாமே, அத மட்டும் எடுத்துரு. ‘ஆய்வகத்துல கரைச்ச சாயத்துக்குச் சரியா இருக்கு, பட்டறைத் தண்ணியில இனிமேத்தான் பாக்கணும்’னு எழுது. நீயே சொல்லிட்டா எவனும் அதக் கேட்டு உன்னைய மடக்க முடியாது. பய முழிச்சிக்கிட்டு வேற கேள்வி தேடணும்.

பந்திக்கு முந்திக்க, கூச்சப்படாதே. வரிசையில உனக்கு முன்னாடி நிக்கிறவரு யாருன்னு பாரு. மேடையில அவருகிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது, சாம்பார் வாளி காலியாகி அடுத்த வாளி வர்ற வரைக்கும் அவரு எங்கயும் போக மாட்டாரு, தட்டோட நிப்பாரு. அப்பக் கேளு உன் சந்தேகத்தை. மாணவிகன்னா தனியா ஒரு மூலையில கூடி நின்னு செல்பி எடுப்பீக, அதையும் எடு, ஒண்ணுக்கு ரெண்டா எடு, பத்து வருசங் கழிச்சு அதுல உள்ளவுகதான் உன் பேப்பரைத் திருத்துறவுகளாவும் நேர்காணல் பண்ணுறவுகளாவும் வருவாக. சர்டிபிகேட்டுக்குக் கடைசி நாள் சாயந்திரம் வரைக்கும் நில்லு. பேரு எழுத்துப்பிழையோட இருக்கும், அங்கயே மாத்தி வாங்கு, ஊருக்கு வந்துட்டா மாத்தித் தர மாட்டாக.

அங்க சமையல் யாருன்னு விசாரிச்சியா? விசாரிச்சிருக்க மாட்டே. நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கும். கொட்டகைக்குப் பின்னாடி போயி எம் பேரைச் சொல்லு, சூடா ரெண்டு வடை எடுத்துத் தருவான். ஒண்ணை நீ தின்னு. இன்னொண்ணை எடுத்துட்டுப் போயி, மத்தியானம் உன்னையக் கேள்வி கேட்டு அழ வைப்பாரே, அவரு தட்டுல வையி. எடிங்டனோட சந்திரசேகரு அதுக்குப் பெறகும் சிநேகமாத்தான் இருந்தாராம், சைக்கிள் கதையும் டென்னிஸ் கதையுமா. எடிங்டன் போய்ச் சேந்து எத்தனையோ வருசங் கழிச்சு அவரைப் பத்தி ஒசத்தியாப் பேசி ஒரு புத்தகமே போட்டாராம். உனக்கு அம்புட்டெல்லாம் முடியாது, ஒரு வடை வச்சாப் போதும். சட்னி வைக்காதே, கெட்டுப் போயிருக்கும்.